சவாரிக்கு ஒரு தாள்

ஆட்டோக்காரன் என்றால் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவன் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அவன் பாதி நேரம் வண்டியைத் தள்ளுகிறவன்.

மலையாள நாட்டில் கரமனை என்ற இடத்தில் எங்கள் ஸ்டாண்டு. வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கிற வண்டிக்கு ஓட்டம், அதாவது ஒரு சவாரி, கிடைத்துக் கிளம்பினால், பின்னால் இருக்கிற எல்லாரும் இறங்கி, ஹேண்டில்பாரில் ஒரு கையும் கம்பியில் ஒரு கையும் வைத்து, எஞ்சினைப் போடாமல் ஒரு வண்டி நீளம் தள்ளுவோம். அதற்குள் யாராவது சாயா குடிக்கப் போயிருந்தால் அவன் வண்டியையும் சேர்த்துத் தள்ளுவோம். ஓட்டம் முடித்துத் திரும்பி வந்தவன் கடைசியில் நிற்க வேண்டும். இது எங்கள் ஸ்டாண்டின் சட்டம். மீறினால் அடிதடி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பத்தாம் வகுப்புப் படித்தது இந்த வரிசையில்தான். பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிந்தே மக்கு என்று பெயர் வாங்கிய என் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. நானும் உங்கள் ஜாதிதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டது வறுமையால் அல்ல. வீட்டில் சோறு இருந்தது, புத்தகம் இருந்தது, என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆட்டோ ஓட்டுவதும் உட்காரும் வேலைதானே என்று கேட்கலாம். இல்லை, அது உட்கார்ந்தபடியே ஓடுகிற வேலை.

நாற்பதைத் தாண்டியபின் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. இன்னும் அதிக நாள் ஆட்டோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் நான் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற பள்ளிக்கூடத்தில், பஸ்களைக் கவனிக்கிறவர் அந்த வருஷத்தோடு விலகுகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வழியெல்லாம் உங்களுக்குத் தெரியும், டிரைவர்கள் எல்லாரையும் தெரியும். பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட் மட்டும் வேணும். அடுத்த ஜூன் வரைக்கும் பார்ப்பேன், பிறகு வேற ஆள்" என்றார். பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புச் சமநிலைப் பரீட்சைக்குத் தமிழ் மீடியத்தில் பெயர் கொடுத்தேன். இந்தத் தடவை விட்டால் வேலை போச்சு. முதுகு ஏற்கெனவே போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சிறை

ஞாயிறுதோறும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு. முதல் ஞாயிறு நல்ல பிள்ளையாகத்தான் போனேன். ஸ்ரீலதா டீச்சர் நல்லவர், பொறுமைசாலி. அவர் பலகையில் எழுதத் தொடங்கியதுமே என் வலது கால் ஆட ஆரம்பித்தது. பிறகு இடது கால். பிறகு தோளில் ஒரு அரிப்பு. வெளியே வண்டியைப் பூட்டினேனா என்று ஒரு சந்தேகம். எழுந்து போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தால், மழை வருமோ, ஸைடு படுதாவை இறக்கிவிட்டேனா என்று அடுத்த சந்தேகம்.

பக்கத்தில் இருந்த பெண்கள், மீன் விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், எல்லாரும் கல் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறார்கள். எனக்கு அழுகையாக வந்தது. மூன்றாவது ஞாயிறும் நான் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தபோது டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாகராஜன், ஆட்டோவைக் களவாண்டு போறவன்கூட இத்தனை தடவை வந்து நோட்டம் பார்க்கமாட்டான்."

கீறின புத்தகம்

வகுப்பில் ஏறாததை ஸ்டாண்டில் ஏற்றலாம் என்று இயற்பியல் புத்தகத்தை வண்டியில் வைத்தேன். ஒரு பாராவைப் படித்து முடிப்பதற்குள் ஓட்டம் வரும். புத்தகத்தை ஸீட்டுக்கு அடியில் சொருகிவிட்டுப் போவேன். திரும்பி வந்து எடுத்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. முதலிலிருந்து படிப்பேன், மறுபடி ஓட்டம். மின்னோட்டத்தின் முதல் பாராவை மட்டும் நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருநாள் வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைச் சரக்கென்று கிழித்து மீட்டருக்குப் பக்கத்தில் சொருகினேன்.

கிழித்தபின்தான் தெரிந்தது, ஒரு தாள் என்றால் பயமில்லை. முழுப் புத்தகத்தைப் பார்த்தால் கால் ஆடும். ஒரு தாளைப் பார்த்தால் ஆடவில்லை. மறுநாள் இன்னொரு தாளைக் கிழித்தேன். அப்புறம் எல்லாப் பாடப் புத்தகத்தையும் மொத்தமாகக் கிழித்து ஸீட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டேன்.

எனக்குள் ஒரு பழக்கம் உருவாயிற்று. வரிசையில் ஐந்தாவது வண்டியாக வந்ததும் தாளை எடுப்பேன். வரிசை நகரும்போதெல்லாம் இறங்கித் தள்ளுவேன், தள்ளும்போது படித்ததை வாய்க்குள் சொல்வேன். முதல் வண்டியானதும் தாளை மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைப்பேன். ஓட்டத்தின்போது பாடத்தை நினைப்பதே இல்லை. ரோடு, குழி, சிக்னல், அவ்வளவுதான். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது தாளைப் பார்க்காமல் உரக்கச் சொல்வேன். வந்தால் அடுத்த தாள். வராவிட்டால் அதே தாள். படித்த நேரத்தைவிட, படிக்காமல் ஓட்டிய நேரத்தில்தான் பாடம் தலைக்குள் போய் உட்கார்ந்தது. எனக்கே இது ஆச்சரியம்.

எனக்குப் பின்னால் நிற்கிற ஷாஜிக்கு இது பிடிக்கவில்லை. மலையாளி என்றாலும் எங்கள் தமிழ் ஆட்களோடு நின்று நின்று தமிழ் பேசுவான். புத்தகத்தைக் கிழிப்பது சரஸ்வதிக்கு ஆகாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணே, பொஸ்தகம் கீறிப் படிச்சு நீங்க பாஸாயிட்டா, நான் என் வண்டியோட ஆர்.சி. புக்கைக் கீறிக் காட்டுறேன், கேட்டோ!"

பாலத்தின்மேல்

மத்தியான நேரங்களில் ஓட்டமே இருக்காது. வரிசை அசையாது. ஐந்தாவது வண்டியிலேயே கிடந்து அதே தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் எழுத்து எறும்பாக ஊரும். ஓட்டம் இல்லாமல் எனக்கு எதுவும் நிற்காது என்று தெரிந்துவிட்டதால், நானே ஒரு ஓட்டத்தை உண்டாக்கிக்கொண்டேன். வண்டியை ஷாஜியிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலம் வரை நடப்பது, ஆற்றைப் பார்த்து நிற்பது, படித்ததைச் சொல்லிக்கொண்டே திரும்புவது.

ஒருநாள் நினைவுக்கு வராத ஒன்றைத் தேடிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். வேதியியல். அலோகங்கள். கீழே தண்ணீரைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டியிருக்கிறேன். பைக்கில் போன ஒரு போலீஸ்காரர் நிறுத்தி இறங்கி, ரொம்ப மெதுவாகப் பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தார். என்னைவிட அவருக்குத்தான் வியர்த்திருந்தது.

"சேட்டா, எந்தா பிரச்னை? வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு சாவதானமா பேசலாம்."

நான்கு அறைகள்

தம்பானூரில் ஒரு ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் கை காட்டினாள். மெடிக்கல் காலேஜ் போக வேண்டும். வித்துராவுக்கு அப்பால் தோட்டத்தில் வேலை, தமிழ்தான் பேசினாள். கையில் ஒரு பிளாஸ்கும் பையும். ஏறினதும் அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல்.

அன்றைய தாள் இதயம். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கிடந்தது. பட்டம் ஜங்ஷன் சிக்னலில் நின்றபோது என்னை அறியாமல், "வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நடுவில ஒரு வால்வு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் சட்டென்று முன்னால் குனிந்து, "அண்ணாச்சி, வால்வுன்னா என்ன? எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் கேடுன்னு டாக்டர் சொன்னாரு. மலையாளத்துல வேகமா சொன்னாரு, எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றாள்.

நான் ஒரு ஆட்டோக்காரன், பரீட்சை எழுதாதவன் என்றேன். பரவாயில்லை என்றாள். சொன்னேன். இதயம் நாலு அறை உள்ள வீடு. ரத்தம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக நடுவில் கதவு. போகும்போது திறக்கும், திரும்பி வராதபடி மூடும். அந்தக் கதவுதான் வால்வு. உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது, டாக்டரிடம் இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றேன். அழுகை நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி நின்று கேட்டாள்:

"கதவுதானே பழுது, அதுக்காக வீட்டையே இடிக்கமாட்டாங்கல்ல, அண்ணாச்சி?"

அந்தத் தாளை நான் மறுபடி படிக்கவே இல்லை. படிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஏறின இடம்

கணக்குதான் என்னைக் கொன்றது. கூட்டுத் தொடர்வரிசை என்று ஒன்று. முதல் உறுப்பு, பொது வித்தியாசம், இத்தனையாவது உறுப்பு என்ன என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரம். பத்தாவது உறுப்பு வேண்டும் என்றால் வித்தியாசத்தை ஒன்பதால்தான் பெருக்க வேண்டுமாம். பத்து கேட்டால் ஏன் ஒன்பது? எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு தாளையே ஒரு வாரம் சுமந்தேன்.

ஒருநாள் காலையில் ஸ்டாண்டில் ஒரு பையன் ஏறினான், கழுத்தில் ஆபீஸ் அட்டை. காதில் போனை வைத்துக்கொண்டு பூஜப்புரை வழியாகப் போய் அதற்கப்பால் எங்கோ போக வேண்டும் என்றான். பூஜப்புரையில் ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை, போனில் பேசிக்கொண்டே இருந்தான். நான்தான் என் பழக்கத்துக்கு அடிமையாயிற்றே! வண்டி நின்றால் ஓட்டம் முடிந்தது, ஓட்டம் முடிந்தால் பாடத்தைச் சொல்ல வேண்டும். வண்டியைத் திருப்பிவிட்டேன். "முதல் உறுப்பு! பொது வித்தியாசம்! பத்துக்கு ஒன்பது!" என்று கத்திக்கொண்டே வந்தேன். பின்னால் அவனும் யாரோடோ கத்திக்கொண்டு வந்தான். நான் போனில் பேசுகிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான்.

ஸ்டாண்டில் வந்து வரிசையின் கடைசியில் நிறுத்திச் சோம்பல் முறித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தபோது ஸீட்டிலிருந்து துள்ளி விழுந்தேன். போனை மூடிவிட்டு ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்து அவன் மரியாதையாகவே கேட்டான்:

"சேட்டா, ஞான் கேறின இடத்துலதன்னே இறங்கணுமா?"

அமைதியான அறை

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படித் துண்டு துண்டாகப் படித்தால் பரீட்சையில் மொத்தமாக நினைவுக்கு வருமா? எல்லாரும் அப்படியா படிக்கிறார்கள்? என் மனைவி செல்வி, சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே வாடிக்கையாக வருகிற அக்ரஹாரத்து மாமி ஒருத்தர், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, உன் வீட்டுக்காரர் வந்து படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் வண்டியை வீட்டில் பூட்டிவிட்டு, கிழித்த தாள்களையெல்லாம் தைத்து மறுபடி புத்தகமாக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

மேஜை, நாற்காலி, மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். சத்தமே இல்லை. காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால், உடம்பு உட்கார்ந்தது. மதியத்துக்குள் எல்லாம் படித்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் காலையில் புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்த்தால் ஒன்றுமில்லை. நன்றாகத் தெரிந்திருந்த ஓம் விதிகூட இல்லை. அந்த நாற்காலியில் மறுபடி நான் ஒன்பதாம் வகுப்புப் பையன். வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டவன். கைக்காவது ஏதாவது வேலை வேண்டுமே என்று மாடிக் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டினேன். பிறகு கொல்லைப்புறக் குழாய். பிறகு சமையலறை.

வாரக் கடைசியில் செல்வி என்னைக் கூட்டிப்போக வந்தாள். மாமி அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"உங்காத்துக்காரர் படிச்சாரோ இல்லையோ நேக்குத் தெரியாதும்மா, எங்காத்துல இப்ப ஒரு குழாய்கூட ஒழுகலை."

கூல் ஆஃப் டைம்

அன்று சாயங்காலமே தையலைப் பிரித்து, தாள்களை உதறி, வண்டியை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஷாஜி என் பின்னால் வந்து நின்று, தள்ள வேண்டிய நேரத்தில் எல்லாம் ஹாரன் அடித்தான். இருந்த கொஞ்ச நாளில் போனது பாதி திரும்பி வந்தது. மீதி பாதியைப் பற்றி நினைக்க நேரமில்லை.

கணக்குப் பரீட்சை. இங்கே பரீட்சையில் முதல் பதினைந்து நிமிஷம் எழுதக் கூடாது, கேள்வியைப் படித்து மனசை ஆற்றிக்கொள்ள வேண்டும். கூல் ஆஃப் டைம் என்று பெயர். எனக்கு ஆறவில்லை, கொதித்தது. கேள்வித்தாளின் நடுவில் அந்தச் சனியன் இருந்தது, இருபதாவது உறுப்பு. நான் இருந்த முதல் பெஞ்சிலிருந்து வாசல் எத்தனை தூரம் என்று பார்த்தேன். எழுந்து போய்விடலாம், வண்டி வெளியேதான் நிற்கிறது.

போகாமல் இருந்ததற்குக் காரணம் தைரியம் இல்லை, வலது கால். அது பழக்கத்தில் தரையை உந்தியது, வண்டியைத் தள்ளுவதுபோல. அப்போது கண்ணுக்கு முன்னால் எங்கள் வரிசை வந்தது. இருபதாவது வண்டி முதலிடத்துக்கு வர எத்தனை தள்ளு? பத்தொன்பது! முதல் வண்டி ஏற்கெனவே அங்கேதானே நிற்கிறது, அதை எவன் தள்ளுவான்? ஒரு தள்ளுக்கு ஒரு வண்டி நீளம், அதுதான் பொது வித்தியாசம். அட, இதைத்தானே தினமும் செய்துகொண்டிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் ஒரு கேள்வி எழுதுவது, பேனாவைக் கீழே வைப்பது, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது, காலால் ஒரு தள்ளு தள்ளுவது, அடுத்த கேள்வி. பெஞ்சு ஆடுகிறது என்று பக்கத்தில் இருந்தவர் புகார் செய்தார். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை வந்து என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்:

"கூல் ஆஃப் டைம் எல்லாருக்கும் பதினஞ்சு நிமிஷம், உங்களுக்கு மட்டும் பரீட்சை முழுக்க கூல் ஆஃப்தானோ?"

முதல் வண்டி

முடிவு வந்த அன்று நான் வரிசையில் முதல் வண்டி. போனில் பார்க்கலாம் என்று எடுத்த அதே நேரத்தில் ஒரு குடும்பம் ஏறிவிட்டது, மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு. முதல் வண்டி ஓட்டத்தை மறுக்கக் கூடாது, சட்டம். பரீட்சை எண் எழுதிய துண்டை ஷாஜியின் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினேன். ஓட்டத்தின்போது பாடத்தை நினைப்பதில்லை என்ற என் விதியைக் காப்பாற்ற அன்றுதான் படாத பாடு பட்டேன். கிள்ளிப்பாலத்தில் எல்லா வண்டியும் என்னைக் குறுக்கே மறிப்பதற்கென்றே வந்ததுபோல இருந்தது. பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. முதுகு வலித்தது, நெஞ்சு அடித்தது. நாலு அறையும் தனித்தனியாக அடிப்பதுபோலத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது ஸ்டாண்டில் யாரும் வண்டிக்குள் இல்லை. எல்லாரும் வெளியே நின்றார்கள். நான் கடைசியில் நிறுத்தியதும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் டி பிளஸ், அதற்குக் கீழே போனால் தோல்வி, அந்த விளிம்பில். நான் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அழுதேன். வெட்கமாக இல்லை. செல்விக்குப் போன் போட்டேன், கடையில் கூட்டம், "சரி சரி" என்று மட்டும் சொன்னாள், ஆனால் போனை வைக்கவில்லை. அப்போது ஷாஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான்:

"அண்ணே, சொன்ன சொல்லுக்கு ஆர்.சி. புக்கைக் கொண்டாந்துட்டேன், ஆனா வண்டி லோன்ல கிடக்கு, நான் இதைக் கீறினா பேங்க்காரன் என்னைக் கீறுவான், கேட்டோ."

ஜூன் முதல் வாரம் மேனேஜர் என்னை அறைக்குள் கூட்டிப்போய், சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முதுகுக்குத் தலையணைகூடப் போட்டு வைத்திருந்த என் இடத்தைக் காட்டினார்.

உட்கார்ந்து படிக்க முடியாதவன் எழுந்து எழுந்து படித்து வாங்கிய சர்ட்டிபிகேட்டுக்குக் கிடைத்த பரிசு, சகோதர சகோதரிகளே, காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார ஒரு நாற்காலி.